தலைக்குப் பதினைந்து கிலோ

ரோதேஸ், 3 மார்ச் 1979

அன்புள்ள நொயெலி அக்கா,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. சளி பிடித்தது, போய்விட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? நிலவறைப் படியில் அவரை இறங்க விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு விமான நிறுவனம் ஆரம்பிக்கிறேன். பாரிஸில் காபிக் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று உனக்கே தெரியும், நீயே ஒருத்தி. ஆகஸ்டில் கடையை மூடும் விடுமுறைக்கு, கல்லறைத் திருநாளுக்கு, பன்றி வெட்டுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று வருஷத்துக்கு ஐந்து தடவை ஊருக்கு வருகிறீர்கள். ரயிலில் இடுப்பு ஒடிந்துதான் வந்து சேருகிறீர்கள். என் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நாள் குறிப்போம், ஆள் சேர்ந்தால் பறப்போம், அவ்வளவுதான். இருபத்தாறு இருக்கை, இரண்டு காற்றாடி, பெயர் ஏர் வியதேன். சித்தப்பா மகன் பத்திஸ்தேன் முதல் பங்கு எடுத்துவிட்டான். உங்கள் ரூ த லாப் தெருவில் பாதிக் கடைக்காரர்கள் பங்குதாரர்கள். விமானி ருஃபியாக் முப்பது வருஷம் ராணுவத்தில் ஓட்டியவர்.

அவர் பக்கத்தில் உட்கார ஒரு துணை விமானி வேண்டும். ரெஜீனை அனுப்பு. உரிமம் வாங்கி ஒன்றரை வருஷமாக உன் பெண் உன் கடையில் காபி தூக்குகிறாள். பெரிய நிறுவனங்கள் எல்லாம் "பொண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டன. பயணிகளோடு ஆயிரம் மணி நேரம் பறந்த கணக்கு கையில் இருந்தால் எவனும் சாத்த முடியாது. அந்த ஆயிரம் மணியை அவளுக்குத் தாய்மாமன் தருகிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உர்பேன்


பாரிஸ், 19 மார்ச் 1979

தம்பி உர்பேனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ விசாரித்ததால் அத்தானின் முழங்கால் சரியாகிவிடவில்லை, வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது குடித்துவிட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். மீன் பண்ணை வைத்தாய், ஒரே கோடையில் ஓடை வற்றி அத்தனை மீனும் செத்தது. மலைப்பாதையில் பஸ் விட்டாய், அது வளைவில் திரும்பாது என்று வாங்கின பிறகுதான் அளந்து பார்த்தாய். தரையில் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை என்று இப்போது ஆகாயத்துக்குப் போகிறாய். போ, உன் தலை. என் பெண்ணை எதற்கு இழுக்கிறாய்?

கடிதத்தை ஒளித்து வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் அத்தான் கல்லாப் பக்கத்திலேயே போட்டு வைத்தார். அவள் படித்துவிட்டாள். நான் மாட்டேன் என்றேன்.

"காபி தூக்கவா அம்மா என்னப் படிக்க வெச்ச?" என்றாள்.

"காபி தூக்கினா கீழ விழ மாட்டடி."

"தட்டோட எத்தன தடவ விழுந்திருக்கேன்னு நீதான திட்டின."

அப்பனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை ரயிலேறுகிறாள். வாரம் ஒரு தடவை எனக்கு ஃபோன் பேச வேண்டும். மூடுபனியில் பறக்கக் கூடாது. நான் ஏதாவது கேட்டு எழுதினால், நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். கடைசியில் சொன்னதுதான் உன்னால் முடியாது, எனக்குத் தெரியும்.

கழுத்தில் துணி சுற்றிக்கொள். சளி தானாகப் போகாது.
நொயெலி


ரோதேஸ், 20 ஜூன் 1979

கண்டிப்பான அக்காவுக்கு,

நானும் சுகம், ரெஜீனும் சுகம். சாப்பிடுகிறாளா என்று ஃபோனில் கேட்டாயாம். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள்.

முதல் பறப்பைப் பார்க்க நீ வந்திருக்க வேண்டும். பாதிரியார் விமானத்தின் மூக்கில் புனித நீர் தெளித்தார். அவர் நகர்வதற்குள் ருஃபியாக் காற்றாடியைச் சுற்றிவிட, அவர் தொப்பி பறந்து போய்விட்டது. ரெஜீன் ஓடிப்போய்ப் பிடித்தாள். ஊரே கைதட்டியது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு தடவை போய் வந்தாயிற்று, ஒரு இருக்கை காலி இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பத்திஸ்தேன் பாரிஸுக்குத் திரும்பும்போது ஒரு முழுச் சீஸ் உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நாற்பது கிலோவுக்குக் குறையாது. பின்னால் ஃபிலொமேன் அத்தை, இரண்டு பன்றித்தொடை, கழுத்தில் மாலை மாலையாகச் சாசேஜ், கூடை நிறைய ஊறுகாய் ஜாடி. விமான நிலையத்தில் எங்களுக்கு ஒரு தராசு கொடுத்திருக்கிறார்கள். பத்திஸ்தேனைப் பார்த்து அதில் வை என்று நான் எப்படிச் சொல்வது? பாதி வாய் திறந்தேன், அவ்வளவுதான். "ஏண்டா, எங்கம்மா குடுத்தனுப்பினத நிறுத்துப் பாப்பியாடா நீ?" என்றான். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னை முறைத்தார்கள். நியாயம்தானே? வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவதை நம் ஊரில் எவன் நிறுத்தான்? சுமைப் படிவத்தில் தலைக்குப் பதினைந்து கிலோ என்று போட்டுவிட்டேன். அரசாங்கத்துக்கு ஒரு எண் வேண்டும், கொடுத்தாயிற்று. தராசின் மேல் பூத்தொட்டி வைத்திருக்கிறோம், லட்சணமாக இருக்கிறது.

ரெஜீனுக்கு அறுபத்தொரு மணி ஆயிற்று.

அத்தானுக்கு என் அணைப்பு.
உர்பேன்


பாரிஸ், 9 நவம்பர் 1979

உர்பேன்,

வந்து சேர்ந்தோம். அத்தான் பரவாயில்லை. எனக்குத்தான் மூன்று நாளாக வயிறு சரியில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு உன் விமானத்தில் நானும் வந்தேன். என் பெண் சீருடையில் கதவருகே நின்று கைகொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அவள் காலரைச் சரி செய்தேன். வரும்போதே விமானம் முழுக்கச் சாமந்தித் தொட்டி. ஆளுக்கு நாலு கல்லறை, கல்லறைக்கு இரண்டு தொட்டி. நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. நானும் வெறுங்கையோடு வரவில்லை, ஆறு தொட்டி என்னுடையது.

திரும்பும்போது நடந்ததைத்தான் எழுத வேண்டும். ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. எழும்பவில்லை. ஃபிலொமேன் அத்தை ஜெபமாலையை எடுத்துவிட்டார். ஜன்னல் வழியாக வேலி வருவதைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதன் காதில் தொங்கிய எண் சீட்டைக்கூட என்னால் படிக்க முடிந்தது. அப்புறம்தான் சக்கரம் தரையை விட்டது.

பத்திஸ்தேன் பின்னாலிருந்து, "மாடே பயப்படல, நீ ஏன் அக்கா பயப்படற?" என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சீசாவைத் திறந்து சுற்றிலும் ஊற்றினார்கள். இறங்கின பிறகு ரெஜீனைக் கேட்டேன். "காத்து அந்தப் பக்கம் அடிச்சுதும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

உன்னைக் கேட்கிறேன். எப்போதும் இவ்வளவு தூரம் ஓடுமா? ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நொயெலி


ரோதேஸ், 28 ஜனவரி 1980

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து தாமதமாக வருகிறது, கோபிக்காதே. உன் வயிறு சரியாகியிருக்கும். எல்லாரும் நலம் என்று ரெஜீன் சொன்னாள்.

இரண்டாவது விமானம் வந்துவிட்டது. வாடகைக்குத்தான், ஆனால் வாலில் நம் பெயர். கோடையில் கோர்சிகாவுக்கு விடுகிறோம், அடுத்த வருஷம் துனீசியா. பனிச்சறுக்கு ஆட்டக்காரர்களை ஆல்ப்ஸுக்குக் கூட்டிப் போனோம். பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது, கத்தரித்து வைத்திருக்கிறேன். மீன் பண்ணை என்று என்னைக் கேலி பண்ணியவர்கள் இப்போது தொப்பியைக் கழற்றுகிறார்கள். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணிப்பெண்களுக்குப் புதுச் சீருடை, கஷ்கொட்டை நிறம். ரெஜீனுக்குத் தோளில் மூன்று கோடு. ஐந்நூற்றுத் தொண்ணூறு மணி ஆகிவிட்டது. ருஃபியாக் வாயால் நல்ல வார்த்தை வாங்குவது லேசில்லை, அவரே "கை நல்ல கை" என்றார்.

பன்றி வெட்டுக்கு வருவீர்களா? உங்கள் இரண்டு பேருக்கும் முன் இருக்கை.

அத்தானுக்கு முழங்காலில் தேய்க்க ஒரு தைலம் அனுப்புகிறேன்.
உர்பேன்


பாரிஸ், 24 மார்ச் 1980

உர்பேன்,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் அத்தானுக்கு நன்றாகக் கேட்கிறது.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது கஷ்கொட்டை நிறச் சீருடை. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தைதானே கேட்டேன். பரவாயில்லை, பதில் எனக்கு வேறு வழியில் கிடைத்துவிட்டது.

நேற்று உன் விமானம் இங்கே ஒர்லி விமான நிலையத்தில் இறங்கினதும் வழக்கம்போல ஒரு கூட்டம் நேராக எங்கள் கடைக்குக் குடிக்க வந்தது. ரெஜீனும் கூட வந்தாள். வந்தவள் நிலவறைக்குப் போய், பழைய கரி மூட்டைத் தராசை அப்பாவைத் தூக்கச் சொல்லி மேலே கொண்டுவந்தாள். "யார் மூட்டை கனம்னு பாக்கலாமா? தோத்தவங்க எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கித் தரணும்" என்றாள். அவ்வளவுதான். விமான நிலையத்தில் நிறுத்தால் அவமானம் என்கிறவர்கள், பந்தயம் என்றதும் தள்ளுமுள்ளு. "என்னுத வைடி மொதல்ல" என்கிறான் பத்திஸ்தேன். ஐம்பத்திரண்டு கிலோ வந்தது, மேஜையில் ஏறி நின்று கையைத் தூக்கினான். ஒன்பது பேர், ஒன்பது மூட்டை. மொத்தம் முந்நூற்று நாற்பத்தொரு கிலோ. அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதினாள்.

எல்லாரும் போனதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா பதினஞ்சுன்னு எழுதறாரும்மா. எல்லாருக்கும் பதினஞ்சு."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அடுத்த மாசத்துலேருந்து நிறுத்துடலாம்னாரு. டிசம்பர்லயும் அதான் சொன்னாரு."

"அப்ப இறங்கிடு."

"இறங்கினா வேற எவன் என்ன ஏத்துவான்? இன்னும் முந்நூத்துச் சொச்சம் மணிதான் வேணும்."

உர்பேன், நான் சண்டைக்கு எழுதவில்லை. என் பன்றித்தொடையும் அந்த மூட்டைகளில் போயிருக்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டுதான் ஏறினேன். ஆனால் நீ நிறுவனத்தின் முதலாளி. நாளைக்கே தராசின் மேல் இருக்கும் அந்தத் தொட்டியை எடு. பத்திஸ்தேனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் வந்து நிற்கிறேன். அவன் என்னைத் திட்டட்டும். எனக்கு இருப்பது ஒரே பெண்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.
நொயெலி


ரோதேஸ், 2 செப்டம்பர் 1980

அக்கா,

மார்ச்சிலிருந்து எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருந்தால் சந்தோஷம்.

உன் பெண் என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் கடைசி நாள். மறுநாள் பாரிஸில் அத்தனை கடையும் திறக்க வேண்டும். இருபத்தாறு பேரும் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். பிற்பகல் மூன்று மணி, முப்பத்தைந்து டிகிரி வெயில். ரெஜீன் வெளியே போய் வெப்பமானியைப் பார்த்தாள், உள்ளே வந்தாள், தராசின் மேல் இருந்த தொட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். நான் அவள் காதில் சொன்னேன்:

"இன்னிக்கு வேணாம்மா. ஆளுங்க அவசரத்துல இருக்காங்க."

"அவசரமா இருந்தா சீக்கிரம் நிறுத்துடலாம் மாமா. இந்த வெயில்ல காத்து லேசாயிடும், விமானம் எழும்பாது. நவம்பர்ல எழும்பினதே எழும்பாதமாதிரி."

என்னை ஒதுக்கிவிட்டு அவளே முதலில் தராசில் ஏறி நின்றாள். "அம்பத்தொம்பது, என் பையோட அறுபத்தி நாலு. வெக்கமா இல்ல. அடுத்து யாரு?" என்றாள். ஒருவரும் அசையவில்லை. ஃபிலொமேன் அத்தை, "என்ன மாடுன்னு நெனச்சியா, சந்தையில நிறுக்க?" என்றார். பத்திஸ்தேன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "எங்கம்மா சீஸ் மேல சந்தேகப்பட்டவ இதுவரைக்கும் எவளும் இல்ல. பங்கு போட்டது நான், என்னையே நிறுக்கறியா?" என்றான். அவள் அவன் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தராசில் வைத்தாள். பிறகு அடுத்ததை. இருபத்தாறு மூட்டையையும் அவளே தூக்கினாள், ஒருத்தன் கை கொடுக்கவில்லை. படிவத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு. தராசில் ஆயிரத்துப் பன்னிரண்டு.

காகிதத்தை ருஃபியாக்கிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். "இத்தன நாள் நான் பாக்காம ஓட்டினேன். பாத்துட்டு ஓட்ட மாட்டேன்" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பாதி மூட்டையை விட்டுவிட்டுப் போகலாமே என்று நான் கெஞ்சினேன். யாருடைய பாதி? ஒருத்தரும் விடவில்லை. எல்லாரும் ரயிலுக்குப் போனார்கள். கடைகள் இன்றுதான் திறந்திருக்கும்.

இன்று காலை வரை நவம்பர் பயணங்களில் பாதி ரத்தாகிவிட்டது. பிள்ளை பயந்துபோய்க் கூச்சல் போட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் மறுக்கவில்லை. அவளை இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன். பறந்த மணியெல்லாம் எழுதும் அவள் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு நான் கையெழுத்துப் போடவில்லை. இப்போது போடும் மனசும் இல்லை.

உர்பேன்


பாரிஸ், 8 செப்டம்பர் 1980

உர்பேன்,

உன் உடம்பைப் பற்றி அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

உனக்குத் தெரியும். முதல் மாதத்திலிருந்தே தெரியும். நீயே எனக்கு வேடிக்கை என்று எழுதினாய், நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். பதினைந்து மாதம் என் பெண்ணை முன்னால் உட்கார வைத்து, பின்னால் சீஸை அடுக்கி, ஒவ்வொரு தடவையும் வேலி வரை ஓட விட்டாய். பத்திஸ்தேனின் முகம் கோணக் கூடாது என்று. உன் அத்தான் அதைப் படித்ததும் கடை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பயந்து கூச்சல் போட்டாள் என்கிறார்களாம், நீ மறுக்கவில்லையாம். ஆயிரம் கிலோவை ஒற்றைப் பெண் தூக்கி நிறுத்தாள், நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். அங்கே பயந்தது யார்?

அவள் இங்கே திரும்பவும் காபி தூக்குகிறாள். அந்தப் புத்தகத்தில் நீயும் கையெழுத்துப் போட்டு நிறுவனத்தின் முத்திரையும் வைத்தால்தான் அவள் பறந்தது பறந்ததாகும். இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் பேனாக் கோடு. போட்டு அனுப்பு. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

நொயெலி


பாரிஸ், 21 நவம்பர் 1980

தம்பி உர்பேனுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, கணப்பு எரிகிறதா, ஒன்றும் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அக்டோபரில் உனக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். பதினைந்து நாள் தபால் நிலையத்தில் கிடந்துவிட்டு, வாங்கிக்கொள்ளவில்லை என்ற சீட்டோடு எனக்கே திரும்பி வந்தது. உன்னை எனக்குத் தெரியாதா? பதிவுத் தபால் என்றாலே கெட்ட செய்தி, வாங்காவிட்டால் வராததுபோல என்று நினைத்திருப்பாய். எல்லாக் கடிதத்தையும் அப்படியே விட்டிருப்பாய். மண்டை காய்கிறது எனக்கு. அதனால்தான் இது சாதாரணத் தபாலில் வருகிறது.

விமானங்கள் நின்றுவிட்டதைப் பத்திரிகையில் படித்தேன். கல்லறைத் திருநாளுக்கு ஆளே இல்லாமல் போய்விட்டதாம், வாடகை விமானத்தைச் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்களாம். எங்கள் கடைப் பக்கமும் நம் ஊர்க்காரர்கள் வருவதில்லை. பத்திஸ்தேன் எதிர்ச் சாரியில் நடந்து போகிறான். போகட்டும்.

லியோனில் ஒரு நிறுவனம் துணை விமானி தேடுகிறது. ரெஜீன் ஃபோன் பேசினாள். அந்த ஆள், "பயந்துபோய் விமானத்த நிறுத்தின பொண்ணு நீங்கதானா?" என்று கேட்டாராம். ஆமாம், நான்தான் நிறுத்தினேன் என்றாளாம். கையெழுத்தோடு புத்தகம் டிசம்பர் இருபதுக்குள் வந்தால் பார்க்கலாம் என்றாராம். கடனுக்காக அதே மாதம் பதினைந்தாம் தேதி நீதிமன்றத்து ஆள் வந்து உன் அலுவலகத்தைப் பூட்டி முத்திரையை எடுத்துப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நீ நினைத்தாலும் முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். புத்தகம் வராத முதல் மாதம் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. புத்தகம் இல்லை, இனி பறக்க முடியாது, என் பக்கத்திலேயே இருப்பாள் என்று இருந்தேன். அவள் நாளுக்கு நாள் வாடுவதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அவள் தலையில் இறக்காதே.

போர்த்திக்கொண்டு தூங்கு.
அக்கா


ரோதேஸ், 9 டிசம்பர் 1980

அன்புள்ள அக்கா,

கணப்பு எரிகிறது. சாப்பிடுகிறேன், பெரும்பாலும் முட்டைதான். அத்தானுக்கு என் மன்னிப்பைச் சொல், நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பதிவுத் தபால் விஷயத்தில் நீ சொன்னது சரி. தபால் நிலையத்தில் எனக்கு ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது.

புத்தகம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகாது. ஒன்பது நாள் ஆயிற்று, ஏனென்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாமா வேண்டாமா என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் படிவங்களை எல்லாம் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் பதினைந்து, அதனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "நீ வாயத் தொறக்காத, நாலு வருஷத்துல வேற பேர்ல ஆரம்பிச்சுடலாம்" என்கிறார் வக்கீல். எழுதினால், இனி விமானம் என்ற சொல்லைக்கூட நான் தொட முடியாது.

எழுதிவிட்டேன். ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று மணிக்குக் கீழே, என் கையெழுத்தில், முத்திரையோடு. ஆகஸ்ட் 31, ரோதேஸிலிருந்து பாரிஸ், பறந்த நேரம் இல்லை. குறிப்பு: சுமை அறுநூற்று இருபத்திரண்டு கிலோ அதிகம். எடையைப் பொய்யாக எழுதியவன் நான். நிறுத்தியது துணை விமானி, அவள் செய்தது சரி.

அவளிடம் வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.
உர்பேன்


பாரிஸ், 13 டிசம்பர் 1980

உர்பேன்,

நேற்று மாலை வந்தது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அத்தானின் முழங்கால் குளிரில் படுத்துகிறது, தைலம் தீர்ந்துவிட்டது.

ரெஜீன் அந்தக் கடைசி வரியை நின்றுகொண்டே படித்தாள். புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள், வெகு நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "மாமாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது. அந்த வரியில் எழுதியதை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா நீ? இன்னும் உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, எப்போது போகும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. முட்டை தின்றே சாகாதே.

புத்தகத்தை இரவு முழுக்க என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் வராமல் இல்லை. காலையில் கடையைக்கூடத் திறக்காமல், நானே போய் லியோன் முகவரிக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அவர்கள் அவளை எடுத்துக்கொள்வார்கள். திரும்பவும் ஒவ்வொரு நாளும் ஃபோன் மணிக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது தெரிந்துதான் அனுப்பினேன்.

அக்கா